அடைக்கோழியா, குஞ்சு பொரிப்பானா: பத்துப் பெட்டை வளர்ப்பவர் எடுக்க வேண்டிய முடிவு

கொல்லையில் பத்துப் பெட்டைகளையும் ஒரு சேவலையும் வளர்க்கும் எவரும் ஆண்டில் பலமுறை சந்திக்கும் நிலை இது. நேற்றுவரை முட்டையிட்டுவிட்டு இறங்கிப் போய்க்கொண்டிருந்த பெட்டை, இன்று கூடையைவிட்டு எழ மறுக்கிறது. கையை நீட்டினால் உடலைத் தட்டையாக்கி, இறகுகளைச் சிலிர்த்துக்கொண்டு, அடித்தொண்டையில் உறுமுகிறது. கையை அதன் வயிற்றுக்கு அடியில் விட்டுப் பார்த்தால், இறகு உதிர்ந்த தோல் காய்ச்சல் கண்ட நெற்றியைப்போலச் சுடுகிறது. அது அடைக்கு உட்கார்ந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் அவயத்துக்கு வந்துவிட்டது என்பார்கள். இனி அதன் அடியில் முட்டை வைப்பதா வேண்டாமா, வைத்தால் பொரிந்த குஞ்சுகளை யார் வளர்ப்பது என்பதை இரண்டு மூன்று நாளுக்குள் முடிவு செய்தாக வேண்டும்.

வழிகள் நான்கு. தாய்க்கோழியே பொரித்துத் தாய்க்கோழியே வளர்ப்பது முதல் வழி. பாட்டிமார் செய்தது அதுதான். தாய் பொரித்த குஞ்சுகளை இரண்டாம் நாளிலேயே பிரித்து விளக்குச் சூட்டில் வளர்ப்பது இரண்டாவது. முட்டையை இன்குபேட்டர் என்னும் பொரிப்பானில் வைத்து, வரும் குஞ்சுகளைப் புரூடர் என்னும் சூட்டுக் கூண்டில் வளர்ப்பது மூன்றாவது. பொரிப்பானில் பொரிந்த குஞ்சுகளை அடைக்கோழியிடம் ஒப்படைத்து அதையே வளர்க்கச் செய்வது நான்காவது. மாதம் ஆயிரம் குஞ்சு விற்பவருக்கு இந்த ஒப்பீடு தேவையில்லை. அவருக்குப் பொரிப்பானைத் தவிர வேறு வழி கிடையாது. சிறுவிடை, பெருவிடை போன்ற நாட்டுக்கோழிகளை இருபதுக்குள் வைத்திருப்பவரை மனத்தில் கொண்டே இதை எழுதுகிறேன்.

இந்த வழிகளை ஒப்பிடுவோர் பெரும்பாலும், நூறு முட்டைக்கு எத்தனை குஞ்சு என்ற ஒரே கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். அந்த அளவுகோல் போதாது. பொரிந்த அன்று எண்ணிய குஞ்சு வேறு, எட்டு வாரம் கழித்துத் தானாக மேய்ந்து, தானாகக் கூடு அடையும் குஞ்சு வேறு. பொரிப்பது 21 நாள் வேலை. வளர்ப்பது இரண்டு மாத வேலை. இவை இரண்டையும் ஒரே வேலையாக எண்ணிக் குழப்பிக்கொள்வதால்தான் தவறான வழியைப் பலர் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது, இரண்டையும் பல ஆண்டுகள் செய்து பார்த்த என் உறுதியான கருத்து. பொரிக்கும் வேலையில் இயந்திரம் கோழிக்கு ஏறக்குறைய ஈடுகொடுக்கும். வளர்க்கும் வேலையில் ஈடே கிடையாது.

முதலில் பொரிப்பதைப் பார்ப்போம். கோழி முட்டைக்குள் கரு வளர்ந்து குஞ்சாக 37.5 செல்சியஸ் அளவு சூடு இடைவிடாமல் வேண்டும். முதல் 18 நாளும் காற்றில் ஈரப்பதம் 50 முதல் 55 விழுக்காடு, கடைசி மூன்று நாளில் 65க்கு மேல் இருக்க வேண்டும். கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளாதபடி முட்டையை நாள்தோறும் பலமுறை புரட்ட வேண்டும். 18ஆம் நாளுக்குப் பின் புரட்டக் கூடாது. பொரிப்பானில் இவை அனைத்தும் நம் பொறுப்பு. கோழியோ அலகாலும் காலாலும் இரவு பகலாக முட்டைகளைப் புரட்டிக்கொண்டும், ஓரத்து முட்டையை நடுவுக்கும் நடு முட்டையை ஓரத்துக்கும் மாற்றிக்கொண்டும் இருக்கிறது. நாளுக்கு ஒருமுறை கால்மணி, அரைமணி நேரம் இறங்கி, தின்று, தண்ணீர் குடித்து, மண்ணில் புரண்டு, பெரிதாக ஒரு எச்சம் போட்டுவிட்டுத் திரும்புகிறது. அந்த இடைவெளியில் முட்டை சற்று ஆறுவதால் கருவுக்குத் தீங்கு எதுவும் இல்லை.

பொரிப்பானில் ஏற்படும் தவறுகள் மொத்தமாக ஏற்படுகின்றன என்பதுதான் அதன் பெரிய குறை. மலிவான பெட்டிகளில் வரும் வெப்பமானி ஒரு பாகை பிழையாகக் காட்டினாலே, சூடு மிகுந்தால் குஞ்சு முன்கூட்டியே தொப்புள் ஆறாமல் வெளிவரும். குறைந்தால் நாள் தள்ளிப்போய்ச் சோர்ந்து வரும். ஆகவே தனியாக ஒரு நல்ல வெப்பமானியை வாங்கி உள்ளே வைத்துச் சரிபார்க்காமல் யாரும் முட்டை அடுக்க வேண்டாம். நாங்கள் முதன்முதலாக நாற்பது முட்டை அடுக்கிய ஆண்டில், 19ஆம் நாள் இரவு மழையில் மின்சாரம் போய், விடிந்த பிறகுதான் வந்தது. பெட்டியைப் போர்வையால் சுற்றி, பக்கத்தில் வெந்நீர்ப் பாத்திரங்களை அடுக்கியும், பதினொரு குஞ்சுதான் கிடைத்தது. பொரியாத முட்டைகளை உடைத்துப் பார்த்தபோது, முழுதாக வளர்ந்து, அலகு நுனியில் ஓட்டை உடைக்கும் சிறு பல்லோடு இறந்து கிடந்த குஞ்சுகளைக் கண்டது இன்றும் நினைவில் இருக்கிறது. ஒன்றிரண்டு மணி நேர மின்தடையைப் பெட்டி தாங்கும். இரவு முழுவதையும் தாங்காது. மாற்று மின்வசதி இல்லாத வீட்டில் பொரிப்பானை நம்பி நாற்பது முட்டையை ஒரே நாளில் வைப்பது துணிச்சல் அல்ல, கவனக்குறைவு.

கோழியிடம் குறையே இல்லை என்று சொல்ல முடியாது. முதல்முறை அடைக்கு வரும் பெட்டை பத்தாம் நாள் மனம் மாறி எழுந்து போய்விடலாம். மற்றப் பெட்டைகள் அதே கூடையில் வந்து முட்டையிட்டால், நாள் வேறுபட்ட முட்டைகள் கலந்துவிடும். முதல் குஞ்சுகளோடு தாய் இறங்கிப் போனதும் மீதி முட்டைகள் பாதிக் கருவோடு குளிர்ந்து வீணாகும். செள்ளுப்பூச்சி ஏறிய கூடையில் எந்தக் கோழியும் நிம்மதியாக உட்காராது. இவற்றுக்கெல்லாம் தீர்வு எளியது. அடை வைக்கும் முட்டைகள் அனைத்திலும் கரித்துண்டால் ஒரு கோடு போட்டுவிட்டு, கோடில்லாத முட்டை தெரிந்தால் அன்றன்றே எடுத்துவிட வேண்டும். கூடையில் புது மணலைப் பரப்பி, மேலே வைக்கோலும் வேப்பிலையும் இட வேண்டும். முதல் இரண்டு நாள் கெட்டுப்போனாலும் கவலையில்லாத முட்டைகளை வைத்துப் பார்த்து, கோழி உறுதியாக உட்கார்ந்தபின், இருட்டும் நேரத்தில் நல்ல முட்டைகளை மாற்ற வேண்டும். சிறுவிடைக்கு எட்டு முதல் பத்து, பெரிய உடம்புக்காரிக்குப் பன்னிரண்டு. அதற்குமேல் வைத்தால் ஓரத்து முட்டைக்குச் சூடு எட்டாது.

முட்டையைச் சேமிப்பதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். ஒரு வாரத்துக்கு மேற்பட்ட முட்டையைக் கோழிக்கு வைத்தாலும் பெட்டிக்கு வைத்தாலும் பொரிதிறன் குறையும். சித்திரை வைகாசி வெயிலில் நான்கைந்து நாளே அதிகம், ஏனென்றால் அறைச்சூட்டிலேயே கரு அரைகுறையாக வளரத் தொடங்கி இறந்துவிடுகிறது. ஈர மணல் நிரப்பிய தொட்டியில் மண்பானையைப் பதித்து, அதற்குள் கூர்முனை கீழே இருக்கும்படி முட்டைகளை வைப்பது நல்ல முறை. ஏழாம் நாள் இரவில் கைப்பேசி விளக்கின்மேல் முட்டையை நிறுத்திப் பார்த்தால், கருக்கூடிய முட்டையில் சிவந்த நரம்புகள் சிலந்தி வலைபோல விரிந்திருக்கும். வெறும் மஞ்சள் ஒளி தெரிவது கூமுட்டை, அதை எடுத்துவிடலாம். கூடைக்கு அடியில் இரும்புத் துண்டும் கரியும் மிளகாய் வற்றலும் வைத்தால் இடி இடித்தாலும் முட்டை கெடாது என்ற நம்பிக்கை எங்கள் வீட்டிலும் உண்டு. அதனால் கெடுதல் இல்லை. ஆனால் அதைவிடச் சேவல் நல்லதா, முட்டை புதியதா என்பதே பலனைத் தீர்மானிக்கிறது. நல்ல அடைக்கோழி, கருக்கூடிய பத்து முட்டையில் எட்டு, ஒன்பதைப் பொரித்துத் தருவதை நாங்கள் தொடர்ந்து கண்டிருக்கிறோம். கவனமாக இயக்கிய பொரிப்பானும் அதற்குப் பக்கத்தில் வரும்.

வளர்ப்பில் நிலைமை வேறு.

குஞ்சு ஓட்டை உடைப்பதற்கு முன்னாலேயே தாய்க்கும் அதற்கும் பேச்சு தொடங்கிவிடுகிறது. 20ஆம் நாள் கூடையருகே காதைக் கொண்டுபோனால், முட்டைக்குள்ளிருந்து மெல்லிய கீச்சொலியும் அதற்குக் கோழி தாழ்ந்த குரலில் தரும் பதிலும் கேட்கும். பொரிந்த குஞ்சின் வயிற்றில் மஞ்சள் கருவின் மிச்சம் இருப்பதால் இரண்டு நாள் தீனி இல்லாமலே அது தாங்கும். அந்த இரண்டு நாளும் தாய் எழாமல், பிந்திய முட்டைகள் பொரியக் காத்திருக்கிறது. பிறகு எல்லாவற்றையும் அழைத்துக்கொண்டு இறங்குகிறது. குப்பை மேட்டைக் காலால் கிளறி, அகப்பட்ட பூச்சியைத் தான் விழுங்காமல் அலகால் தூக்கித் தூக்கிப் போட்டு, கொக் கொக்கென்று விரைவாகக் குரல் கொடுக்கும். குஞ்சுகள் ஓடி வந்து எது தீனி என்று தெரிந்துகொள்ளும். சூடு தேவைப்படும் குஞ்சு, தேவைப்படும் கணத்தில் இறகுக்குள் நுழைந்து, போதுமானதும் வெளியே வருகிறது. எந்த விளக்கும் இந்தக் கணக்கை அறியாது.

சென்ற மாசியில் ஒரு காலை, சிவப்புச் சிறுவிடை ஒன்று ஒன்பது குஞ்சுகளோடு முருங்கை மரத்தடியில் மேய்ந்துகொண்டிருந்தது. நான் பத்தடி தள்ளி நின்றேன். திடீரென்று அது கழுத்தை ஒருபக்கம் சாய்த்து, ஒற்றைக் கண்ணால் வானத்தைப் பார்த்து, நீண்ட, இறங்கிய ஓசை ஒன்றை எழுப்பியது. ஒன்பது குஞ்சும் நின்ற இடத்தில் மறைந்தன: சில ஆமணக்கு இலைக்கு அடியில், சில கல்லிடுக்கில், ஒன்று தாயின் இறக்கைக்குள். வல்லூறு ஒன்று தாழ்ந்து வட்டமடித்துவிட்டுப் போயிற்று. தாய் மறுபடி குரல் கொடுக்கும்வரை ஒரு குஞ்சுகூட அசையவில்லை. பிறந்து ஆறு நாள் ஆன குஞ்சுகள் அவை. அதே வாரம், புரூடரில் ஐந்து வாரம் வளர்ந்து முதன்முதலாக வெளியே விட்ட குஞ்சுகள், காகம் இறங்கி வந்தபோது அதை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றன, இரண்டு போயின.

புரூடரில் வளர்ப்பது தவறு என்பதல்ல என் வாதம். அதன் விலையைத் தெரிந்துகொண்டு செய்ய வேண்டும் என்பதுதான். முதல் வாரம் 35 செல்சியஸ் சூடு வேண்டும், வாரத்துக்கு மூன்று பாகை வீதம் குறைத்துக்கொண்டே வர வேண்டும். குஞ்சுகள் விளக்கடியில் குவிந்தால் சூடு போதவில்லை, ஓரத்துக்கு ஒதுங்கி வாயைத் திறந்தால் சூடு மிகுதி. இரவில் எழுந்து இதைப் பார்க்க ஆள் வேண்டும். நிலக்கடலைத் தோலோ உமியோ பரப்பிய தரை ஈரமானால் இரத்தக்கழிச்சல் வரும். 20 விழுக்காடு புரதமுள்ள குஞ்சுத் தீவனத்தை விலைக்கு வாங்க வேண்டும். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போடாவிட்டால் குஞ்சு விழுந்து நனைந்து விறைத்துவிடும். இத்தனையும் சரியாக நடந்தால் இழப்பு மிகக் குறைவாக இருக்கும் என்பதையும், குஞ்சுகள் ஒரே சீராக, விரைவில் எடை கூடும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

தாயோடு திரியும் குஞ்சுகளுக்கு ஆபத்து வேறு இடத்திலிருந்து வருகிறது. கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா என்பார்கள். நெருக்கமான கூடையில் பத்துக் குஞ்சோடு அடைத்தால் சாகும், நான் கண்டிருக்கிறேன். ஆனால் உண்மையான எதிரிகள் காகமும் கீரியும் பூனையும் திடீர் மழையும்தான். முதல் இரண்டு வாரம் தாயைக் கண்ணில் படும் இடத்தில் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்து, குஞ்சுகளை மட்டும் இடுக்கு வழியாக வெளியே வந்து போக விட்டால், இழப்பில் பெரும்பகுதி தடுக்கப்படும். தாய் குஞ்சுகளை இழுத்துக்கொண்டு தொலைவு போய் அவற்றைச் சோர்வடையச் செய்வதும் நிற்கும். தீனிக்கு எங்கள் வீட்டில் இன்றும் பழைய முறைதான். ஓர் உடைந்த பானையில் காய்ந்த சாணத்தையும் கிழிந்த சாக்கையும் வைக்கோலையும் திணித்து, தண்ணீர் தெளித்து, கரையான் நடமாடும் இடத்தில் மாலையில் கவிழ்த்து வைக்கிறோம். மறுநாள் விடியலில் வெயில் ஏறுமுன் எடுத்து உதறினால், வெள்ளையாகக் கொட்டும் கரையானுக்குத் தாய் எழுப்பும் குரல் தெருவரை கேட்கும். அதோடு நொய்யும் உடைத்த கம்பும் சேர்த்தால், செலவு என்று சொல்ல ஏதும் இல்லை.

அப்படியானால் இயற்கை முறையில் நாம் கொடுக்கும் விலை எங்கே இருக்கிறது? முட்டையில் இருக்கிறது. நாட்டுப் பெட்டை ஏறத்தாழ இருபது நாளில் பன்னிரண்டு முட்டையளவில் இட்டுவிட்டு அடைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அடை 21 நாள், குஞ்சு வளர்ப்பு இரண்டு மாதம். ஒரு சுற்று நூறு நாள் ஆகிறது. ஆண்டுக்கு மூன்றரைச் சுற்று, நாற்பது முட்டைக்குச் சற்று மேல். குஞ்சுகளைப் பொரிந்தவுடன் பிரித்துவிட்டால், இரண்டு மூன்று வாரத்தில் பெட்டை மறுபடி முட்டையிடத் தொடங்கும். சுற்று அறுபது நாளாகச் சுருங்கி, ஆண்டுக்கு ஆறு சுற்று கிடைக்கும். அடைக்கே விடாமல் தடுத்தால் இன்னும் கூடும். நாட்டுக்கோழி முட்டைக்கு நல்ல விலை கிடைக்கும் நகரத்தின் அருகில் இருப்பவர் இந்தக் கணக்கைப் புறக்கணிக்க முடியாது.

இந்தக் கணக்கை நம்பித்தான் பலர் இரண்டாவது வழிக்குப் போகிறார்கள்: தாயிடமிருந்து குஞ்சைப் பிரித்து விளக்கடியில் விடுகிறார்கள். நான்கில் எனக்கு உடன்பாடு மிகக் குறைந்த வழி இதுதான். இயந்திரத்தாலும் முடிகிற பொரிக்கும் வேலையைக் கோழிக்குக் கொடுத்துவிட்டு, கோழியால் மட்டுமே நன்றாக முடிகிற வளர்க்கும் வேலையை அதனிடமிருந்து பிடுங்கி, மின்சாரத்துக்கும் நம் தூக்கத்துக்கும் கொடுப்பது தலைகீழான ஏற்பாடு. பிரித்த நாளிலிருந்து இரண்டு மூன்று நாள் கூடையைச் சுற்றிச் சுற்றிக் கூப்பிடும் தாயைப் பார்த்தவர்களுக்கு வேறு காரணமும் தேவைப்படாது.

அதிகக் குஞ்சு வேண்டுமென்றால், நான்காவது வழி அதைவிடச் சிறந்தது. இரண்டு பெட்டைகள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் அடைக்கு வரும்போது, அவற்றுக்குக் குறைவாக ஆறாறு முட்டை வைத்து, அதே நாளில் பொரிப்பானில் இருபது முட்டை அடுக்குகிறோம். 21ஆம் நாள் இரு இடத்திலும் ஒன்றாகப் பொரிகின்றன. பெட்டிக் குஞ்சுகள் உலர்ந்து பஞ்சானபின், அன்று இரவோ மறுநாள் இரவோ, விளக்கைப் போடாமல், ஒவ்வொன்றாகக் கோழியின் வயிற்றுக்கு அடியில் தள்ளிவிட வேண்டும். விடிந்ததும் அது எல்லாவற்றையும் தன்னுடையதாகவே ஏற்றுக்கொள்ளும். பகலில் கொண்டுபோய் முன்னால் விட்டால் கொத்தும். மூன்று நாள் தாண்டிய குஞ்சு தாயின் குரலுக்கு இணங்காது. உட்கார்ந்து ஒரு வாரமே ஆன கோழி தாயாக மாறத் தயாராக இருக்காது. நிறம் மிகவும் வேறுபட்ட குஞ்சைச் சில பெட்டைகள் ஒதுக்குவதால், முதல் நாள் காலை அருகில் இருந்து பார்ப்பது அவசியம். ஒரு கோழிக்குப் பதினைந்து குஞ்சுவரை ஒப்படைக்கலாம். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பத்தோடு நிறுத்துவது நல்லது. நான் ஒரே ஆலோசனை சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன்.

எந்த வழியானாலும் தடுப்பு மருந்து விலக்கல்ல. தாயோடு இயற்கையாக வளர்கிற குஞ்சுக்கு நோய் அண்டாது என்ற எண்ணம் பல கூடுகளைக் காலி செய்திருக்கிறது. வெள்ளைக்கழிச்சல் எனப்படும் ராணிக்கெட் நோய் வந்துவிட்டால் மருத்துவம் கிடையாது. ஏழாம் நாளில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்தும், நான்காம் வாரமளவில் லசோட்டா என்னும் தடுப்பு மருந்தும், எட்டு வாரம் கடந்தபின் இறக்கையில் ஊசியும் போட வேண்டும். அந்த ஊசியைக் கால்நடைப் பராமரிப்புத் துறை முகாம் நடத்தி இலவசமாகவே போடுகிறது. தாயோடு திரியும் குஞ்சைப் பிடிப்பது கடினம் என்பதால், மாலையில் கூடு அடைந்தபின் பிடித்துச் சொட்டு விடுவது இருவருக்கும் எளிது.

இன்னொன்றையும் எடை போட வேண்டும். அடைக்கு வருவது ஒரு குணம். அது மரபுவழியாக அடுத்த தலைமுறைக்கு இறங்குவது. வெள்ளை லெகார்ன் போன்ற முட்டைக்கோழிகளில் தலைமுறை தலைமுறையாக அடைக்கு வராத பெட்டைகளையே பெருக்கியதால் அந்தக் குணம் ஏறக்குறைய மறைந்தேவிட்டது. நாமும் அடைக்கு வரும் பெட்டையை விற்றுவிட்டு, வராத பெட்டையின் முட்டையையே பெட்டியில் அடுக்கிக்கொண்டு போனால், சில ஆண்டுகளில் நம் கொல்லையிலும் அதுவே நடக்கும். அடையைக் கலைக்க வேண்டிய கட்டாயம் வந்தாலும், தண்ணீரில் முக்குவதும் மூக்கில் இறகைக் குத்துவதும் வேண்டாம். அடியில் காற்றுப் போகும் கம்பிக் கூண்டில், மற்றக் கோழிகள் தெரியும் வெளிச்சமான இடத்தில், தீனியும் தண்ணீரும் வைத்து நான்கைந்து நாள் விட்டால், வயிற்றுச் சூடு தணிந்து அதுவே மறந்துவிடும்.

ஆகவே வீட்டுக்கு முட்டையும் ஆண்டுக்கு முப்பது, நாற்பது விடைக்கோழியும் போதும் என்பவர், மேய இடமும் பகலில் வீட்டில் ஆளும் இருந்தால், முதல் வழியிலேயே நிற்கலாம். தை, மாசியில் மூன்று பெட்டைகளுக்கு அடை வைத்தால் அந்த எண்ணிக்கையில் பெரும்பகுதி வந்துவிடும். பங்குனி முடிந்து வெயில் முற்றியபின்னும், அடைமழையிலும் அடை வைக்காமல் முட்டையை விற்பதே மேல். நூறு குஞ்சு தேவைப்படுபவர் சிறிய பொரிப்பான் ஒன்றை வாங்கி நான்காவது வழிக்கு வரட்டும். மேய்ச்சல் நிலமே இல்லாமல், மொட்டை மாடியிலோ கம்பிவலைக் கொட்டகையிலோ வளர்ப்பவருக்கு மட்டும் புரூடரைப் பரிந்துரைப்பேன். பருந்தைக் கண்டு ஒளியத் தெரியாத குஞ்சுக்கு அங்கே பருந்தும் வராது. இவர்கள் அனைவருமே கூட்டத்தில் சிறந்த அடைக்கோழிகள் இரண்டையாவது விற்காமல் வைத்திருக்க வேண்டும். எங்களிடம் இருக்கும் சிவப்புச் சிறுவிடைக்கு இப்போது வயது ஐந்து, முட்டை குறைந்துவிட்டது. இந்தத் தையில் அதற்கு வைக்கப் போவது பக்கத்துப் பெட்டைகளின் முட்டைகளைத்தான்.